'மலடி' என்ற சொல்லும் இரண்டு சட்டங்களும்

"இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லையா?" கல்யாணமான ஆறாம் மாதத்தில் பக்கத்து வீட்டம்மா கேட்டால் அது விசாரிப்பு. ஆறாம் வருஷத்தில், சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கணவனே கேட்டால் அதற்குப் பெயர் என்ன? இந்தியாவும் இலங்கையும் 2005ஆம் ஆண்டிலேயே இதற்கு விடை எழுதிவிட்டன. ஆனால் எழுதிய விதம் வேறு வேறு.

இந்தியாவின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தில் 3ஆம் பிரிவுக்கு ஒரு விளக்கம் உண்டு. சொல்லாலும் மனத்தளவிலும் இழைக்கும் கொடுமை எது என்று சொல்லும் இடத்தில், குழந்தை இல்லை என்றோ ஆண் குழந்தை இல்லை என்றோ ஏசுவதையும் எள்ளுவதையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். சட்டம் எழுதுகிறவர்கள் 'அவமதிப்பு' என்று பொதுவாக எழுதிவிட்டு நகர்வதுதான் வழக்கம். இங்கே யாரோ நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பெண்ணுக்கு வேண்டியவர்களை அடிப்பேன் என்ற மிரட்டல் அடுத்த வரியில் வருகிறது. அது திரும்பத் திரும்ப நடந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஏச்சுக்கு அந்த நிபந்தனை இல்லை. 'மலடி' என்று ஒருமுறை சொன்னாலும் கணக்கில் வரும் என்றே நான் வாசிக்கிறேன்.

இலங்கையின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் குழந்தையின்மை பற்றி ஒரு சொல்லும் இல்லை. மனத் துன்புறுத்தல் என்றால் கொடூரமான, இழிவுபடுத்தும் நடத்தை. அது தொடர் போக்காக இருக்க வேண்டும், பாரதூரமானதாகவும் இருக்க வேண்டும். 'தொடர் போக்கு' என்பது இந்த வேதனைக்கு நன்றாகவே பொருந்துகிறது. தைப்பொங்கலுக்கு ஒரு சொல், மைத்துனி பிள்ளைக்குப் பேர் வைக்கும் நாளில் ஒரு பார்வை, மாதவிலக்கு வந்த காலையில் ஒரு பெருமூச்சு. இப்படித்தானே அது சேர்கிறது? ஆனால் 'பாரதூரம்' என்ற அடுத்த சொல் கொடுத்ததைப் பறித்துக்கொள்கிறது. தனித்தனியே எடுத்தால் இவற்றில் எதுவும் பெரிதில்லை. இந்தச் சொல் சுடும் என்பதையே முதலில் நீதவானுக்கு விளக்க வேண்டிய வேலை இலங்கைப் பெண்ணுடையது. இந்தியப் பெண்ணுக்கு அந்த வேலையைச் சட்டமே செய்துவிட்டது.

வீடு இன்னும் முக்கியம். "வாரிசு பெறாதவளுக்கு இங்கே என்ன இருக்கு?" என்பது ஏச்சு மட்டுமல்ல, வெளியேற்றத்தின் முன்னறிவிப்பு. இந்தியச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, சேர்ந்து வாழும் வீட்டில் தங்க மனைவிக்கு உரிமை தருகிறது. பத்திரம் யார் பெயரில் என்று அது பார்ப்பதில்லை. பிள்ளை பெற்றாளா என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. இலங்கை நீதிமன்றமும் கொடுமை செய்தவரை வீட்டுக்குள் வராதே என்று தடுக்கலாம். ஆனால் அங்கே பாதுகாப்புக் கட்டளையின் ஆயுள் அதிகபட்சம் 12 மாதம். இந்தியாவில், விலக்கிவிடுங்கள் என்று அவளே வந்து கேட்கும்வரை பாதுகாப்பு ஆணை நிற்கும். வருஷக் கணக்கில் நீளும் சிகிச்சைக்கு நடுவே 12 மாதம் என்பது எம்மாத்திரம்?

இரண்டு சட்டங்களும் எட்டாத இடம் ஒன்று உண்டு. குறை ஆணிடமும் இருக்கலாம். விந்தணுப் பரிசோதனை, பெண்ணுக்குச் செய்யும் பல சோதனைகளைவிட எளிது. அதற்கு வர மறுத்துவிட்டு, மனைவியை மட்டும் ஊசிக்கும் ஸ்கேனுக்கும் அனுப்பிவிட்டு, பழியையும் அவள் தலையில் இறக்கிவைக்கும் கணவனை எந்த வரியில் சேர்ப்பது? அவன் ஏசவில்லை, அடிக்கவில்லை. இந்தியாவில் புகாரைப் பதியும் குடும்ப நிகழ்வு அறிக்கைப் படிவத்தில், குழந்தை இல்லை என்று ஏசியதைக் குறிக்கத் தனி இடம் உண்டு. மறுத்ததைக் குறிக்க இடமில்லை. அதே பட்டியலில் 'வேறு ஏதேனும்' என்று ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். அவள் அங்கேதான் எழுத வேண்டும், தன் சொந்த வார்த்தையில்.