வாரத் தவணையும் திறந்த நிரலும்: மிஃபோஸ் கதை

வங்கி என்றாலே நமக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற விஷயம். பாஸ்புக்கை நீட்டினால் பிரிண்ட் போட்டுத் தருவார்கள். ஏன் இந்தத் தொகை என்று கேட்டால் "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது" என்று பதில் வரும். அந்த சிஸ்டமும் யாரோ எழுதிய நிரல்தானே? அதை வெளியில் இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதினால் என்ன?

தென்னாப்பிரிக்காவில் இன்வெஸ்டெக் என்ற வங்கி, வாடிக்கையாளர்களே தங்கள் கார்டுக்கு ஜாவாஸ்கிரிப்டில் நிரல் எழுத விடுகிறது. இவ்வளவுக்கு மேல் செலவு என்றால் மறுத்துவிடு என்று கார்டுக்கே சொல்லி வைக்கலாம். கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் அது வசதியானவர்களின் வங்கி. இங்கே நான் எழுத வந்தது அதற்கு முன்பே, வாரத் தவணை கட்டுகிற பெண்களின் கணக்குக்காகத் தொடங்கிய ஒரு வேலையைப் பற்றி.

தென்னூர், உறையூர் பக்கம் இருப்பவர்களுக்குக் குழுக்கடனை விளக்க வேண்டியதில்லை. யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் பெண்கள் கூடுவார்கள், வசூலுக்கு ஆள் வருவார், ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டே கிராம விடியல் என்ற குறுங்கடன் நிறுவனம் இயங்கியது. 2016-ல் அதை ஐடிஎஃப்சி வங்கி வாங்கியது. இந்த முறைக்கெல்லாம் முன்னோடி வங்கதேசத்தில் முகமது யூனுஸ் ஆரம்பித்த கிராமீன் வங்கி (1983). அவர் கைக்காசில் 42 பேருக்கு 27 டாலர் கொடுத்தது 1976-ல்.

இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் தலைவலி. சாதாரண வங்கி மென்பொருளுக்குத் தனி மனிதரின் கணக்கு தெரியும். குழுவுக்குள் குழு, திண்ணையில் நடக்கும் கூட்டம், வசூல் தாள் இதெல்லாம் தெரியாது. வியாழக்கிழமை கூட்டம் பொங்கலன்று விழுந்தால் தவணையை அடுத்த வாரத்தோடு சேர்ப்பதா, கடைசியில் ஒரு வாரம் கூட்டுவதா? ஊருக்கு ஒரு விதி, நிறுவனத்துக்கு ஒரு வழக்கம். பெரிய கம்பெனியிடம் எழுதி வாங்கச் சின்ன நிறுவனங்களுக்குக் காசு கிடையாது. பலர் நோட்டிலும் எக்செல்லிலும் ஓட்டினார்கள்.

அமெரிக்காவின் கிராமீன் ஃபவுண்டேஷன் இதற்கு ஒரு பொது மென்பொருளை ஆரம்பித்தது. பெயர் மிஃபோஸ். 2006-ல் நிரலையே வெளியிட்டார்கள், யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று. முதலில் பயன்படுத்தியவர்களில் ஒருவர் பெங்களூரின் கிராமீன் கூட்டா. நிரல் எழுதும் வேலையிலும் பெரும்பகுதி பெங்களூரில்தான் நடந்தது.

ஆனால் நிரலை வெளியிட்டுவிட்டால் மட்டும் சமூகம் உருவாகிவிடாது. சம்பளம் கொடுப்பது ஃபவுண்டேஷன், எது முதலில் என்று தீர்மானிப்பதும் அதுவே. அப்படியிருக்கும்போது வெளியாள் எதற்கு ராத்திரி கண் விழித்து எழுத வேண்டும்? 2011-ல் ஃபவுண்டேஷன் விலகியது. இத்தோடு முடிந்தது என்று யாரும் நினைத்திருப்பார்கள். என்னைக் கேட்டால், உண்மையான கூட்டு வேலை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தச் சமயம் பார்த்து இந்தியாவில் குறுங்கடனே ஆட்டம் கண்டிருந்தது. 2010 அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டது. ஒரே பெண்ணுக்கு நாலைந்து நிறுவனங்கள் கடன் கொடுத்து, வசூல் நெருக்கடியில் தற்கொலைகள் நடந்ததாகச் செய்திகள் வந்த நேரம். 2011-ல் ரிசர்வ் வங்கி புது விதிகள் கொண்டுவந்தது: வட்டி 26 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதுவும் குறையும் நிலுவையில் கணக்கிட வேண்டும், ஒருவருக்கு இரண்டு நிறுவனங்களுக்கு மேல் கடன் தரக் கூடாது.

'குறையும் நிலுவை' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். 10,000 ரூபாய் கடன், 15 சதவீதம் 'ஃப்ளாட்' வட்டி, 12 மாதத் தவணை. வட்டி 1,500. மாதம் 958 ரூபாய் சொச்சம். கேட்க மலிவு. ஆனால் ஆறு மாதம் கழித்து அந்த அம்மா கையில் பாதிக் கடன்தான் இருக்கிறது, வட்டி மட்டும் முழு 10,000-க்கே ஓடுகிறது! குறையும் நிலுவையில் போட்டுப் பார்த்தால் அது ஆண்டுக்குச் சுமார் 26.6 சதவீதம். அதாவது 15 என்று சொன்ன கடன் 26 என்ற வரம்பையே தாண்டுகிறது. மென்பொருளில் இது வெறும் ஒரு தேர்வு: ஃப்ளாட்டா, குறையும் நிலுவையா. மூடிய மென்பொருளில் அது எப்படி ஓடுகிறது என்று விற்றவருக்கு மட்டும் தெரியும். மிஃபோஸில் நாமே திறந்து படிக்கலாம். (ஒழுங்காகக் கடன் கொடுக்கச் சொல்லித் தரும் நிரல் இன்னும் வரவில்லை, ஆந்திரப் பிரச்சினை நிரலால் வந்ததும் இல்லை.)

ஃபவுண்டேஷன் போன பிறகு மென்பொருளை அடியோடு மாற்றி எழுதினார்கள். இதில் பெங்களூரின் கான்ஃப்ளக்ஸ் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு. கடன், தவணை, சேமிப்பு எல்லாமே ஏபிஐ வழியாக. திரை என்பது அந்த ஏபிஐ-யைக் கூப்பிடும் இன்னொரு நிரல், அவ்வளவுதான். இதனால் என்ன லாபம்? உள்ளே இருக்கும் கணக்கைத் தொடாமல், களப் பணியாளருக்கு ஆண்ட்ராய்டு செயலி எழுதலாம். கூகுள் சம்மர் ஆஃப் கோட் மூலம் அப்படி எழுதிய கல்லூரி மாணவர்களில் நம் நாட்டவர் நிறைய. 2015 டிசம்பரில் அடிப்படை நிரல் அப்பாச்சி அறக்கட்டளைக்குப் போனது, ஃபினராக்ட் என்ற பெயரில். 2017 ஏப்ரலில் முழுத் திட்டமானது. அப்பாச்சியில் முடிவுகள் பொதுவில் விவாதித்து எடுக்கப்படும். எந்தக் கம்பெனிக்கும் தனி ஓட்டு கிடையாது.

இதற்கு நேர் எதிர் யூபிஐ. 2016 ஏப்ரலில் அறிமுகமாகி, இன்று டீக்கடை வரை வந்துவிட்டது. வெற்றியில் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் விதியை எழுதுவது தேசியக் கொடுப்பனவுக் கழகம்; வங்கித் துணை இல்லாமல் வெளியாள் நேரடியாக உள்ளே இணைய முடியாது. பல கோடிப் பேரின் பணம் ஓடுகிற இடத்தில் அந்தக் கட்டுப்பாடு நியாயம்தான். ஃபினராக்ட் வேறு வகை. அது பணம் ஓடும் பாதை இல்லை, பணத்தைக் கணக்கு வைக்கும் பேரேடு. எந்த மாணவரும் வீட்டுக் கணினியில் நிறுவி, பொய்க் கடன் கொடுத்து, தவணை தவறினால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். பெரிய தடை ஜாவா இல்லை, கணக்குப்பதிவியல்! பற்று வரவு புரியாமல் எழுதினால் பேரேடு ஒட்டாது. இந்த வேலைக்கு பி.காம் நண்பர் ஒருவரைக் கூட்டுச் சேர்ப்பது நல்லது.

2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி மறுபடி விதிகளை மாற்றியது. வட்டி வரம்பு போனது. பதிலாக, ஒரு குடும்பம் கட்டும் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு என்ற விவரத் தாளையும் கடன் அட்டையையும் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். நம் ஊர்த் திண்ணைகளில் அது தமிழில் அச்சாக வேண்டும், அந்த 26.6 உட்பட.