பிசி பெற்ற பிள்ளை

தொல்காப்பியர் செய்யுளியலில் தமிழின் படைப்புகளை ஏழாகப் பிரித்தார். பாட்டு, உரை, நூல், வாய்மொழி, அங்கதம், முதுசொல் என்று பெரியவர்கள் வரிசையாக அமர்ந்த பந்தியில் ஒரு பொடியனுக்கும் இலை போட்டார். அவன் பெயர் பிசி. ஒரு பொருளை உவமைக்குள் ஒளித்து வைத்தோ, அடையாளங்களை மட்டும் சொல்லிப் பெயரைச் சொல்லாமல் விட்டோ எதிராளியைத் திணறடிப்பதுதான் பிசியின் வேலை. இதில் ஒரே ஒரு விதி உண்டு: கேள்வி கேட்பவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். பல நூற்றாண்டுகள் கழித்து அந்த விதியே உடைந்தது.

அதற்கு முன் பிசியே காணாமல் போனது. செய்யுளியலுக்கு உரை எழுதிய பேராசிரியர் நல்ல எடுத்துக்காட்டுகள் தந்தார். அவற்றில் ஒன்று, யானையின் உடலை மலையாகவும் தந்தத்தைப் பிறையாகவும் மறைத்து வைத்தது. ஏட்டுச் சுவடியில் கிடந்த அந்த உரையைத் தேடியெடுத்து, 1885-இல் அச்சேற்றினார் யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை. ஆனால் செய்யுளியல் அடங்கிய பொருளதிகார உரை முழுவதும் நச்சினார்க்கினியர் பெயரில் வெளிவந்துவிட்டது. கடைசி நான்கு இயல்களின் உரை பேராசிரியருடையது என்பதைப் பின்னர் ரா. இராகவையங்கார் ஆராய்ந்து நிறுவினார். உரைகாரருக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. பிசி என்ற சொல்லோ அதற்கு நெடுங்காலம் முன்பே மக்கள் நாவிலிருந்து நழுவியிருந்தது.

அந்த இடத்துக்கு வந்தது பிதிர். பிசிக்கு அகராதி தரும் பொருளே அதுதான். பிதிர்தல் என்றால் உதிர்தல், சிதறுதல். ஆனால் பிதிருக்கு ஒரு துரதிர்ஷ்டம் காத்திருந்தது. இறந்த முன்னோரைக் குறிக்கும் வடசொல்லும் தமிழில் பிதிர் என்றே வழங்கியது. பிதிர்க்கடன், பிதிர்த்தர்ப்பணம் என்று துக்க வீட்டில் புழங்கும் சொல்லைச் சிறுவர் விளையாட்டுக்கு எத்தனை நாள் வைத்திருக்க முடியும்?

உதடு குவிந்தது, கதை மாறியது. பிட்டு புட்டானது போலப் பிதிர், புதிர் ஆனது. புது என்பதிலிருந்து பிறந்தது என்று சொல்லவும் இடமுண்டு. யாழ்ப்பாணத்தில் தைப்பூசத்தை ஒட்டி முதல் நெற்கதிரைக் கொய்து வருவதற்குப் புதிர் எடுத்தல் என்றே பெயர். ஆனால் புது நெல்லுக்கும் மறைபொருளுக்கும் உறவு காட்டுவது கடினம். பிதிரின் வழியையே நான் ஏற்கிறேன்.

திண்ணையில் மகிழ்ச்சியாக இருந்த புதிர், காலப்போக்கில் பத்திரிகைக்கும் வழக்கு மன்றத்துக்கும் போனது. அங்கேதான் அந்தப் பழைய விதி உடைந்தது. கேட்பவருக்கே விடை தெரியாத விவகாரமும் புதிராயிற்று. அப்படி ஒன்று கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலையில் பல தலைமுறையாக நின்றிருந்தது.

அந்த மலை சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் கிடைத்த கொடை என்பது மரபுச் செய்தி. மலையாளிப் பழங்குடியினர் சாமையும் ராகியும் விளைத்தார்கள். வரி ஜாகிர்தாருக்குப் போனது. 1947-இல் நாடு விடுதலை பெற்றது. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. சமவெளியில் ஜமீன்கள் சரிந்தன. மலையில் ஜாகிர் அசையவில்லை. 1963-இல் இனாம் ஒழிப்புச் சட்டமும் வந்தது. அப்போதும் மலை உடனே கைமாறவில்லை.

உழுகிற நிலம் யாருடையது என்ற கேள்விக்கு மலைமக்களிடம் விடை இல்லை. விளையாட்டுக்குக் கேட்ட கேள்வியும் இல்லை அது. அதைப் பிசி என்றால் தொல்காப்பியரே ஏற்கமாட்டார். புதிர் என்ற சொல் இன்று சுமக்கிற கனமான பொருளுக்கு அதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை. கல்வராயன் மலை ஜாகிர்களை அரசு கையகப்படுத்தியது 1976-இல்தான்.