பேராக் தோட்டப்புறமும் இசையாசிரியர் பட்டமும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழ்க்கல்வி வரலாறு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பள்ளிகளின் எண்ணிக்கை, பயிற்றுமொழி, ஆசிரியர் பற்றாக்குறை, தேர்வு அடைவுநிலை ஆகியவற்றையே மையமாகக் கொண்டு அமைகின்றன. தமிழ்ப்பள்ளியில் இசை கற்பிப்பவர் யார், அவர் எங்கே பயின்றார், எவ்விசையைப் பயின்றார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இக்கட்டுரை பேராக் மாநிலத்தைக் களமாகக் கொண்டு அவ்வினாக்களை ஆராய முற்படுகின்றது. பேராக்கைத் தேர்ந்தமைக்குக் காரணங்கள் உண்டு. 134 தமிழ்ப்பள்ளிகள் இம்மாநிலத்தில் உள்ளன. ரப்பர்த் தோட்ட வாழ்வின் நீண்ட வரலாறும் இதற்கு உண்டு. பள்ளி இசையாசிரியருக்குப் பட்டம் வழங்கும் கல்வியியற் பல்கலைக்கழகமும் இம்மாநில எல்லைக்குள்ளேயே அமைந்துள்ளது. தோட்டத்து இசையும் பல்கலைக்கழக இசைப்பட்டமும் ஒரே மாநிலத்தில் இருந்தும் ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்தன என்பதே நாம் இங்கு நிறுவ விரும்பும் கருத்தாகும்.

தோட்டத்து இசையும் தோட்டப்பள்ளியும்

1877ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட ரப்பர்க் கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பெருந்தொழிலாக வளர்ந்தபோது தமிழகத் தொழிலாளர்கள் பெருந்தொகையினராகப் பேராக் தோட்டங்களில் குடியேறினர். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்கப்பட வேண்டும் என்று விதித்தது. ஆயினும் பல தோட்டங்களில் பள்ளி என்பது ஓர் அறையாகவும், ஆசிரியர் என்பவர் பயிற்சி பெறாத கங்காணியாகவோ கிராணியாகவோ இருந்தமையும் நாம் அறிந்ததே. எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகிய மூன்றைக் கற்பித்தலே அப்பள்ளியின் எல்லையாக இருந்தது.

இசை அவ்வெல்லைக்கு வெளியே வாழ்ந்தது. மாரியம்மன் திருவிழாவில் உறுமியும் தப்பும் ஒலித்தன. காவடிக்குச் சிந்தும், குழந்தைக்குத் தாலாட்டும், இழவுக்கு ஒப்பாரியும் இருந்தன. பஜனை மடத்தில் தேவாரமும் திருப்புகழும் பாடப்பட்டன. இவற்றைக் கற்பித்தவர்களுக்கு ஊதியமும் இல்லை, சான்றிதழும் இல்லை. லயத்து வாசலிலும் கோயில் முற்றத்திலும் கேட்டுப் பழகுவதே கல்வியாக இருந்தது. இவற்றுள்ளும் ஏற்றத்தாழ்வு இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. தேவாரம் பள்ளி மேடை ஏறிற்று. சாதி இழிவோடு பிணைக்கப்பட்டிருந்த தப்பு கோயில் வாசலிலேயே நின்றது.

நகரத்தின் நிலை சற்று வேறானது. ஈப்போவில் ஒரு தேசிய வகைத் தமிழ்ப்பள்ளி ‘பேராக் சங்கீத சபா’ என்னும் பெயரை இன்றளவும் தாங்கி நிற்கின்றது. இசைக்கான சபா ஒன்றின் பெயரைத் தமிழ்ப்பள்ளி தாங்கி நிற்பது, இசையும் எழுத்தறிவும் ஒரே சமூக முயற்சியின் இரு கூறுகளாகக் கருதப்பட்ட காலத்தை நமக்கு நினைவூட்டுகின்றது. ஆயினும் சபாவின் மரபு கச்சேரி மரபாகும். தோட்டத்துப் பாட்டு அதற்குள் அடங்கவில்லை.

பட்டம் என்னும் வாயில்: தமிழகமும் யாழ்ப்பாணமும்

இசையாசிரியரைப் பல்கலைக்கழகம் உருவாக்கலாம் என்னும் எண்ணம் தமிழருக்குப் புதியதன்று. சுங்கை சிப்புட்டில் பிறந்து, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்த துன் வீ. தி. சம்பந்தன் பட்டம் பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இதற்குத் தக்க சான்றாகும். 1929இல் தோன்றிய அப்பல்கலைக்கழகத்தில் இசைக்கல்லூரியும் ஒரு பகுதியாக விளங்கியது. அங்கு வழங்கப்பட்ட ‘சங்கீத பூஷணம்’ பலருக்கு இசையாசிரியப் பணிக்கான தகுதியாயிற்று. சென்னை மியூசிக் அகாடமி 1931இல் இசையாசிரியர்க்கென்றே தனிக் கல்லூரி ஒன்றைத் தொடங்கியது.

யாழ்ப்பாணத்தில் 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை படிநிலைத் தேர்வுகளை நடத்தியது. 1960இல் மருதனார்மடத்தில் தொடங்கப்பெற்ற இராமநாதன் அகாடமி 1975இல் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. இவ்விரு நிலங்களிலும் ஒரு பொதுக்கூறு காணப்படுகின்றது. முதலில் மரபு இருந்தது. பின்னர்ச் சபை அதனைப் படிநிலையாக வகுத்தது. இறுதியில் பல்கலைக்கழகம் அதற்குப் பட்டம் வழங்கியது. மாணவர் வீட்டிலும் கோயிலிலும் கேட்ட இசையே பட்டப்படிப்பின் அடித்தளமாயிற்று. அங்கும் கிராமியக் கலைஞருக்கு உரிய இடம் உடனே கிடைத்துவிடவில்லை என்பது உண்மையே. எனினும் மொழியும் பண்ணும் மாணவருக்கு அந்நியமாக இருக்கவில்லை.

1983: இசை பாடமாகிய ஆண்டு

மலேசியாவில் இவ்வரிசை மாறியமைந்தது. 1983இல் நாடு முழுவதும் நடப்புக்கு வந்த தொடக்கப்பள்ளிப் புதிய கலைத்திட்டம் இசையைக் கட்டாயப் பாடமாக்கிற்று. மலாய், சீன, தமிழ்ப் பள்ளிகள் அனைத்திற்கும் இது பொதுவாயிற்று. முதல்நிலை வகுப்புகளில் பாடலும் தாளமும், நான்காம் ஆண்டு முதல் ரெக்கார்டர் என்னும் குழற்கருவியும், ஐங்கோட்டு மேற்கத்திய இசைக்குறியீடும் இடம்பெற்றன. பாடம் முதலில் வந்தது. ஆசிரியர் பின்னரே தேடப்பட்டார். குறுகிய காலப் பயிற்சி பெற்ற வகுப்பாசிரியர்கள் பலர் இப்பாடத்தை ஏற்க நேர்ந்தது.

இசை பள்ளிக்குள் நுழைந்த இதே காலத்தில்தான் தோட்டங்கள் கலைந்துகொண்டிருந்தன என்பது இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. 1950, 60களின் தோட்டத் துண்டாடலுக்குப் பின்னர், ரப்பர் நிலங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. குடும்பங்கள் ஈப்போ, புந்தோங், சுங்கை சிப்புட் முதலிய இடங்களுக்குப் பெயர்ந்தன. ஒரு லயத்தில் வாழ்ந்தோர் பல வீடமைப்புப் பகுதிகளுக்குச் சிதறியபோது, கேட்டுப் பழகும் கல்வியின் வகுப்பறையே இல்லாது போயிற்று. பள்ளி இசையை ஏற்ற பொழுதில் சமூகம் தன் இசையைக் கற்பிக்கும் இடத்தை இழந்தது.

தஞ்சோங் மாலிமில் பட்டப்படிப்பு

1922இல் மலாய் ஆசிரியர்களுக்காகத் தஞ்சோங் மாலிமில் நிறுவப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி, 1997இல் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அவ்வட்டாரம் 2016இல் தனி மாவட்டமானபோது ஆசிரியரைக் குறிக்கும் ‘முவாலிம்’ என்னும் பெயரையே பெற்றது. அப்பல்கலைக்கழகத்தின் இசை, நிகழ்கலைப் புலம் இசைக்கல்விப் பட்டத்தை வழங்குகின்றது. தமிழ்மொழிக் கல்விக்கான பட்டமும் அங்கேயே உண்டு. ஆசிரியர் கல்லூரிகளும் தரமுயர்த்தப்பட்டு 2007 முதல் ஆசிரியர் பட்டப்படிப்பை நடத்தி வருகின்றன. உலு கிந்தாவிலுள்ள ஈப்போ வளாகம் அவற்றுள் ஒன்று.

இசையாசிரியராக விரும்பும் முன்னாள் தோட்டக் குடும்பத்து மாணவர் இவ்வாயிலை அணுகும்போது நிகழ்வது என்ன? இசைப்பட்டத்திற்குப் பொதுக்கல்வித் தகுதியோடு இசைத்திறனும் நோக்கப்படுகின்றது. குறியீட்டைப் பார்த்து வாசித்தலும் மேற்கத்தியக் கருவியொன்றில் தேர்ச்சியும் அங்குப் பயன்படும் மூலதனம். பியானோவும் அதற்குரிய படிநிலைத் தேர்வுகளும் செலவு மிக்கவை. மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவில் பரிசு பெற்ற குரலோ, உறுமி மேளக் குழுவில் பெற்ற தாளப் பயிற்சியோ அத்தகைய மூலதனமாக எளிதில் மாறுவதில்லை. அம்மாணவர் இசை அறியாதவர் அல்லர்; அவர் அறிந்த இசை அளக்கப்படுவதில்லை. மறுபுறம், தமிழ்மொழிக் கல்விப் பட்டத்தைத் தேர்வோர் இசைப்பயிற்சி இன்றியே தமிழ்ப்பள்ளிக்குச் செல்லக்கூடும். ஒருவரிடம் மொழி உண்டு, இசைக்கல்வி இல்லை. மற்றவரிடம் இசைக்கல்வி உண்டு, தமிழிசை இல்லை. தமிழ்ப்பள்ளியின் இசை வகுப்புக்கு இவ்விரண்டும் ஒருவரிடமே அமைதல் வேண்டும்.

இணைப்பதற்குரிய வழிகள்

மேற்கத்திய இசைக்கல்வியை விலக்குதல் இதற்குத் தீர்வாகாது. கலைத்திட்டம் அதனைக் கோருகின்றது. பல்லின நாட்டின் பொதுமொழியாகவும் அது பயன்படுகின்றது. இரு முறைகளுக்கும் பொதுவான நிலம் சிறிதன்று. மேற்கத்தியப் பெருஞ்சுர வரிசையும் தீரசங்கராபரணமும் சுர அமைப்பில் ஒன்றே. பழம்பஞ்சுரப் பண்ணை ஓதுவார்கள் சங்கராபரணத்தில் பாடுவது மரபாதலின், அப்பண்ணில் அமைந்த தேவாரத்தின் எளிய சுர ஓட்டத்தை மாணவர் ரெக்கார்டரில் வாசிக்க இயலும். மோகனத்தின் ஐந்து சுரங்கள் சீனப் பாடல்கள் பலவற்றிலும் பயிலும் ஐந்திசை வரிசையே. கமகத்தைக் கோடுகளுக்குள் அடக்க முடியாது என்பது உண்மை. அதனைக் குரலால் கற்பிக்க வேண்டும். அதற்காகவே மரபறிந்த ஆசிரியர் தேவைப்படுகின்றார்.

இவ்வகையில் மூன்று பணிகளை நாம் முன்மொழிகின்றோம். முதலாவது, இசைக்கல்விப் பட்டத்தில் தமிழிசையும் உறுமி, தப்பு முதலிய தாளக் கருவிகளும் விருப்பப் பாடமாக அமைதல். இரண்டாவது, தமிழ்மொழிக் கல்வி மாணவர்க்கு அடிப்படை இசைப்பயிற்சி கிடைத்தல். மூன்றாவது, பேராக்கின் முன்னாள் தோட்ட மக்களிடம் எஞ்சியுள்ள பாடல்களை ஒலிப்பதிவு செய்து குறியீட்டில் எழுதுதல். இரா. தண்டாயுதம் மலேசிய நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்து வழிகாட்டியுள்ளார். ஆயின் அச்சில் சொல் நிற்கும், மெட்டு நிற்காது. மெட்டை எழுதத் தெரிந்தவர் இசைப்பட்ட மாணவரே. சொல்லை விளக்க வல்லவர் தமிழ்த்துறை மாணவர். இவ்விருவரும் இணைந்து செய்யும் இறுதியாண்டு ஆய்வேடு ஒவ்வொன்றும் வகுப்பறைக்குரிய பாடநூலாகக்கூடும்.

முடிவுரை

தோட்டத்தில் இசை இருந்தது, இசைப்பாடம் இல்லை. இன்று பாடமும் பட்டமும் உள்ளன. அவ்விசையை நேரில் அறிந்த தலைமுறை முதுமை எய்திவிட்டது. தமிழகமும் யாழ்ப்பாணமும் தத்தம் மரபிலிருந்து பட்டத்தை எழுப்பின. நமக்கோ பட்டம் முன்னரே வாய்த்துவிட்டது. அதனுள் மரபைக் கொண்டு சேர்க்கும் பணியே எஞ்சியிருக்கின்றது. பால்மரம் சீவிய முதியோர் நினைவில் உள்ள மெட்டுகள் அவர்களோடு மறைவதற்குமுன் அப்பணி தொடங்கப்பெறுதல் வேண்டும். பேராக்கின் தமிழாசிரியர்கள் தத்தம் பள்ளி வட்டாரத்திலிருந்தே அதனைத் தொடங்கலாம். அதற்கு எவருடைய ஒப்புதலும் தேவையில்லை.