தாவிச் செல்லும் மின்சாரம்

திருவனந்தபுரம் மாவட்டத்து அம்பூரிப் பக்கம் காலையில் வெட்டி எடுத்த ரப்பர் பாலை டிரேயில் ஊற்றி, தண்ணீர் கலந்த ஃபார்மிக் ஆசிட்டைச் சேர்ப்பார்கள். எதிர்மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளி நிற்கும் ரப்பர்த் துகள்களை அமிலத்தின் புரோட்டான்கள் தணிக்கின்றன; பால் உறைகிறது. மெஷினில் கொடுத்தால் ஷீட்.

எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன்தான் புரோட்டான். தண்ணீரில் சோடியம் அயனியைவிட அது சுமார் 7 மடங்கு வேகமாக நகரும். எப்படி?

இதற்கு விடை 1800இல் வந்த வோல்டாவின் மின்கல அடுக்கிலிருந்து தொடங்குகிறது. அதன் இரு கம்பிகளைத் தண்ணீரில் விட்டால் ஒன்றில் ஹைட்ரஜன் குமிழி, மற்றதில் ஆக்சிஜன் குமிழி. நடுவில் ஒரு சலனமும் இல்லை. உடைவது ஒரே நீர் என்றால் இரண்டும் ஒரே இடத்தில் அல்லவா கிளம்ப வேண்டும்? ரோமில் இருந்த 20 வயது தியோடர் குரோட்டஸ் 1805இல் பதில் எழுதினார்: நீர்த்துகள்கள் சங்கிலியாக நின்று கூட்டாளியை மாற்றிக்கொள்கின்றன. நெரிசலான டவுன் பஸ்ஸில் பின்படியில் ஒருவர் ஏற, முன்படியில் வேறொருவர் பிதுங்கி இறங்குவாரே, அதுதான். ஏறியவர் பஸ்ஸைக் கடக்கவே இல்லை.

ரூதர்ஃபோர்டு புரோட்டானுக்குப் பெயர் வைத்தது 1920இல். நீர் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோக்கும் ஹைட்ரஜன் பிணைப்பைப் பற்றி லாட்டிமரும் ரோட்புஷும் எழுதியதும் அதே ஆண்டில்தான். இரண்டும் தெரியாத பையன் எழுதியதில் பிழை இல்லாமல் இருக்குமா? எல்லா நீரும் கைமாற்றுவதாக அவர் நினைத்தார். உண்மையில் தாவுவது உபரிப் புரோட்டான் மட்டுமே. ஹைட்ரஜன் பிணைப்பின் வழியே அடுத்த மூலக்கூறுக்குப் போக அதற்கு ஒன்றிரண்டு பிகோ நொடி ஆகும். அக்கம்பக்கத்துப் பிணைப்புகள் அறுந்து, மறுபடி கட்டிக்கொண்டு வழிவிட்டால்தான் தாவல் நடக்கும். வேகத்துக்குக் கடிவாளம் அங்கேதான். ஆனாலும் அந்தச் சங்கிலி இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது.

ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் எரிமின்கலத்தின் பாலிமர் படலத்துக்குள்ளும் இதே வேலைதான். அதில் சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகள் நீர்க்கால்வாய்களின் கரையில் நிற்கும். புரோட்டான் படலத்தைக் கடக்க, எலக்ட்ரான் வெளிக்கம்பியைச் சுற்றி வரும்; மறுகரையில் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகும். படலம் காய்ந்தால் ஓட்டம் படுத்துவிடும். நீர் தேங்கினாலோ வாயு புகாது. பொறியாளர்களின் தலைவலி பெரும்பாலும் இந்த ஈரப்பதம்தான். 1965இல் ஜெமினி 5 விண்கலத்தில் இத்தகைய கலம் முதன்முதலாகப் பறந்தது.

அம்பூரி இருக்கும் அதே திருவனந்தபுரம் மாவட்டத்தில், தும்பா விக்ரம் சாராபாய் மையத்தினர் உருவாக்கிய 100 வாட் வகைக் கலம் 2024 ஜனவரி 1இல் பி.எஸ்.எல்.வி. சி-58இல் ஏறியது. 350 கி.மீ. உயரத்தில் அது 180 வாட் தந்தது. விண்வெளி நிலையத்துக்கு மின்சாரத்தோடு சுத்தமான தண்ணீரும் இதிலிருந்து கிடைக்கும் என்பது இஸ்ரோவின் கணக்கு.