இரண்டு பட்டை, ஒரு பெயர்: வீட்டு வைஃபையின் சாவி யார் கையில்?



புதிதாக வாங்கிய கெமராவோ ஸ்மார்ட் மின்குமிழோ வீட்டு வைஃபையோடு சேர மறுக்கிறது என்ற முறைப்பாடு இப்போது பல வீடுகளில் கேட்கிறது. போனில் வைஃபை நன்றாக வேலை செய்யும். கடவுச்சொல்லும் சரியாக இருக்கும். ஆனாலும் கெமரா இணையாது. கடைக்காரரிடம் கேட்டால், "2.4இல போட்டுப் பாருங்க" என்பார். வீட்டில் பூட்டியிருக்கும் புதிய மெஷ் வைஃபையின் செயலியைத் திறந்தால், சிலவற்றில் 2.4 என்ற பேச்சே இருக்காது.

இந்த 2.4 என்பது என்ன? அதைத் தெரிவுசெய்யும் வசதி நம் கையை விட்டு எப்படிப் போனது? இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் சிறிது விஞ்ஞானம். வைஃபை என்பதும் வானொலி அலைதான். ஓர் அலை ஒரு செக்கனில் எத்தனை தடவை அதிர்கிறது என்பதே அதன் மீடிறன். வீட்டு வைஃபை பிரதானமாக இரண்டு மீடிறன் பட்டைகளைப் பாவிக்கிறது. ஒன்று 2.4 கிகாஹேர்ட்ஸ், மற்றையது 5 கிகாஹேர்ட்ஸ். முதலாவதன் அலைநீளம் ஏறத்தாழ 12.5 சென்ரிமீற்றர், இரண்டாவதன் அலைநீளம் அதில் பாதி அளவு. 2.4 சுவர்களைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் பாதை ஒடுக்கம், நெரிசல் அதிகம். 5 வேகமானது, பாதையும் அகலம், ஆனால் இரண்டு கல் சுவரைத் தாண்டினால் களைத்துவிடும். ரவுட்டரின் பெயருக்குப் பின்னால் "5ஜி" என்று தெரிவது இந்த 5 கிகாஹேர்ட்ஸைத்தான். போன் கம்பனிகள் சொல்லும் ஐந்தாம் தலைமுறை 5ஜி வேறு, இது வேறு.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1947இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் சர்வதேசத் தொலைத்தொடர்பு மாநாடு ஒன்று நடந்தது. அங்கே சில பட்டைகள் கைத்தொழில், விஞ்ஞான, மருத்துவக் கருவிகளுக்கென்று ஒதுக்கப்பட்டன. 2.4 கிகாஹேர்ட்ஸும் அவற்றில் ஒன்று. நுண்ணலையால் உணவைச் சூடாக்கும் அடுப்பு அப்போதுதான் பிறந்திருந்தது. அதன் இரைச்சலுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. இன்றும் சமையலறையில் மைக்ரோவேவ் ஓடும்போது 2.4 வைஃபை திணறுவதற்கு இதுதான் காரணம். இரண்டும் ஒரே பட்டையில் இருக்கின்றன.

அந்தக் காலத்தில் அலைவரிசை என்றாலே அரசாங்கத்தின் சொத்து. அனுமதிப்பத்திரம் இல்லாமல் யாரும் ஒலிபரப்ப முடியாது. இந்த நிலையை மாற்றப் பாடுபட்டவர் அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் வேலைசெய்த மைக்கல் மார்க்கஸ் என்ற பொறியியலாளர். இரைச்சல் மிகுந்த இந்தப் பட்டைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடலாம் என்ற கருத்தை அவர் முன்னெடுத்தார். தொழில்துறையில் எதிர்ப்பும் இருந்தது. ஆனாலும் 1985 மே மாதம் ஆணைக்குழு ஒப்புக்கொண்டது. 900 மெகாஹேர்ட்ஸ், 2.4, 5.8 கிகாஹேர்ட்ஸ் என மூன்று இடங்கள் திறந்தன. வலு ஒரு வோற்றுக்கு மேல் போகக்கூடாது, அலையைப் பரப்பி அனுப்பும் முறையைப் பாவிக்க வேண்டும், மற்றவர்களின் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பவை நிபந்தனைகள். ஆனால் பாவனையாளர் யாரிடமும் போய் அனுமதிப்பத்திரம் கேட்டு நிற்கத் தேவையில்லை.

இந்த இடத்தை மறந்துவிடாதீர்கள். வைஃபையின் முழுக் கதையும் இந்த "யாரிடமும் கேட்கத் தேவையில்லை" என்பதில்தான் நிற்கிறது.

திறந்த நிலம் கிடைத்ததும் பயிர் முளைத்தது. கடைகளின் காசுப் பதிவு இயந்திரங்களைக் கம்பியில்லாமல் இணைக்க என்.சி.ஆர். கம்பனி விரும்பியது. ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு முறையில் செய்தால் எதுவும் எதோடும் பேசாது. ஆகவே பொதுத் தரம் ஒன்றை உருவாக்க 1990இல் ஐ.ஈ.ஈ.ஈ. நிறுவனத்தின் 802.11 குழு தொடங்கியது. நெதர்லாந்தில் என்.சி.ஆரில் வேலைசெய்த விக் ஹேய்ஸ் அதற்குத் தலைமை தாங்கினார். 1997இல் முதல் தரம் வந்தது. வேகம் செக்கனுக்கு 2 மெகாபிட் மட்டுமே.

1999இல் ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. 802.11பி 2.4 பட்டையில் 11 மெகாபிட் தந்தது. 802.11ஏ 5 பட்டையில் 54 மெகாபிட் தந்தது. வேகத்தில் மூத்தவன் 'ஏ'தான். ஆனால் அதன் சில்லுகளைச் செய்வது கடினம், விலையும் கூட, தூரமும் குறைவு. அதே வருடம் ஜூலையில் அப்பிள் தன் ஐபுக் மடிக்கணினியோடு 'பி' வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உலகம் 2.4இன் பக்கம் சாய்ந்தது. வைஃபை என்ற பெயரும் அந்த வருடமே வந்தது.

பத்து வருடத்தில் 2.4 சந்தை நாள் வீதி போல ஆகிவிட்டது. அயல் வீட்டு ரவுட்டர், புளூடூத், கம்பியில்லாத் தொலைபேசி எல்லாம் அங்கேதான். அந்தப் பட்டையில் ஒன்றையொன்று மிதிக்காமல் நிற்கக்கூடிய வழமையான தடங்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. ஆகவே 2009இல் வந்த 802.11என் இரண்டு பட்டைகளையும் பாவிக்க வழிசெய்தது. இரட்டைப் பட்டை ரவுட்டர்கள் பரவின. பெயர்களும் இரண்டாகின. வாப்பாவின் மடிக்கணினி ஒன்றில், முன்னறை டிவி மற்றதில் என்று வீட்டார் தாங்களே தீர்மானித்தார்கள்.

பிறகு 2016இல் மெஷ் வந்தது. பெப்ரவரியில் ஈரோ, வருடக் கடைசியில் கூகுள் வைஃபை. ஒரு பெட்டிக்குப் பதில் வீடெங்கும் இரண்டு மூன்று சிறு பெட்டிகள், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். நடந்து போகப் போக போன் தானாகவே பெட்டி மாறும், பட்டையும் மாறும். உண்மையில் இது பெரிய நிம்மதி. கடைசி அறை வரைக்கும் வைஃபை போனது. ஆனால் இந்த இரண்டு கம்பனிகளுமே பட்டைகளைப் பிரித்து இரு பெயரில் வைக்கும் வசதியைத் தரவில்லை.

அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. பல மெஷ் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கே 5 பட்டையைப் பாவிக்கின்றன. அதைத் தெரியாமல் அணைத்தால் முழு வலையமைப்பும் தளர்ந்துவிடும். பெயரைப் பிரித்துவிட்டால், போன் மெதுவான பட்டையிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கவும் கூடும். பெரும்பாலானோருக்குத் தானியங்கியே நல்லது.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2014இல் ஷங்காயின் எஸ்பிரெசிஃப் கம்பனி ஈ.எஸ்.பி.8266 என்ற மிக மலிவான வைஃபை சில்லை வெளியிட்டது. அது 2.4ஐ மட்டுமே அறியும். அதைப் போன்ற சில்லுகள்தான் மலிவான மின்குமிழிலும் பிளக்கிலும் கெமராவிலும் போய் உட்கார்ந்தன. இப்போது நிலைமையைப் பாருங்கள். போன் ஒரே பெயரின் 5 பட்டையில் நிற்கிறது. கெமராவுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். முதல் இணைப்பின்போது சில கருவிகளுக்குப் போனும் 2.4இலேயே இருக்க வேண்டும். அதற்குப் போனை இறக்கிவிட வீட்டுக்காரரிடம் ஓர் ஆளி இல்லை. வீடு அவருடையது, பெட்டி அவர் காசில் வாங்கியது, பட்டையோ 1985 முதல் பொதுநிலம். ஆனால் கதவின் சாவி கம்பனியிடம்.

பாவனையாளர்கள் விடாமல் கேட்டார்கள். பலனும் கிடைத்தது. 5 பட்டையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் வசதியை ஈரோ தன் செயலியில் சேர்த்தது. டி.பி.லிங்கின் டெக்கோ வகைகளில் ஒவ்வொரு பட்டைக்கும் தனி ஆளி உண்டு. சின்னக் கருவிகளுக்கென்று வேறு பெயரில் தனி வலையமைப்பு வைக்கும் வசதியும் பல கம்பனிகளிடம் வந்துவிட்டது.

கதை இத்தோடு முடியவில்லை. 2020இல் அமெரிக்கா 6 கிகாஹேர்ட்ஸையும் திறந்தது. 2024 ஜனவரியில் சான்றிதழ் வழங்கத் தொடங்கிய வைஃபை 7இல் ஒரே கருவி இரண்டு பட்டைகளை ஒரே நேரத்தில் பாவிக்கலாம். அங்கே பெயரைப் பிரிப்பது வேகத்தையே கெடுக்கும். ஆகவே இனி நாம் கேட்க வேண்டியது "எல்லாவற்றையும் பிரித்துத் தா" என்பதல்ல. "தானியங்கி இருக்கட்டும், ஆனால் இந்தக் கெமரா இந்தப் பட்டையில்தான் என்று நான் சொன்னால் கேள்" என்பதே சரியான கோரிக்கை.

மெஷ் வாங்கப் போகிறவர்களுக்கு மூன்று விடயங்கள். ஒன்று, 2.4க்குத் தனிப் பெயர் அல்லது தனி வலையமைப்பு வைக்க முடியுமா என்று வாங்க முன்னரே கேளுங்கள். இரண்டு, ஏற்கனவே வாங்கிவிட்டீர்களா? செயலியில் விருந்தினர் வலையமைப்பை 2.4இல் மட்டும் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். மூன்று, எதுவுமே இல்லையென்றால், போனையும் கருவியையும் பெட்டியிலிருந்து தூரமாக, இரண்டு சுவருக்கு அப்பால் கொண்டுபோய் இணைத்துப் பாருங்கள். 5 எட்டாத இடத்தில் போன் தானாக 2.4க்கு இறங்க வாய்ப்புண்டு.

வசதிக்காக ஒரு வேலையை இன்னொருவரிடம் ஒப்படைப்பதில் பிழையில்லை. ஆனால் தேவைப்படும் நாளில் திரும்ப வாங்கிக்கொள்ள முடிய வேண்டும். ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை என்று திறந்துவிடப்பட்ட பட்டை இது. நம் சொந்த வீட்டுக்குள் அதைப் பாவிக்க மட்டும் ஏன் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்?