போர் முடிந்த பின்னர்: மலைநாடு கண்ட சரித்திரம்

மகாபாரதத்தைப் போரின் கதை என்றே நாம் பெரும்பாலும் எண்ணி வருகின்றோம். பதினெட்டாம் நாளிற் போர் முடிந்துவிடுகின்றது, நூல் முடிவதில்லை. வென்றவனாகிய தருமபுத்திரன் அரசை வேண்டாது, கர்ணனை நினைந்து அழுது, காட்டிற்குப் போகின்றேன் என்று நிற்கின்றான். தம்பியரும் திரௌபதியும் வியாசரும் கண்ணபிரானும் அவனைச் சூழ்ந்திருந்து, அவன் சொல்வதைக் கேட்டு, ஒருவர்பின் ஒருவராகத் தேற்றுகின்றனர். முடிசூடிய பின்னரும் ஆறாத அவனை அம்புப் படுக்கையிற் கிடந்த பீஷ்மரிடம் அழைத்துச் செல்கின்றனர். இப்பகுதிக்குச் சாந்தி பருவம் என்று பெயர். போரில் வென்றவனுக்கும் சாந்தி வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

தமிழ் மரபும் இதனை அறியும். புறநானூற்றின் 281ஆம் பாட்டில், அரிசில்கிழார் புண்பட்டு மீண்ட வீரனின் இல்லத்தைக் காட்டுகின்றார். வாயிலிலே வேப்பிலை செருகி, யாழ் இசைத்து, வெண்கடுகு சிதறி, குழல் ஊதி, மணி ஒலித்து, காஞ்சிப் பண் பாடி, மனையெங்கும் நறும்புகை எழுப்பி, அவனைக் காப்போம் வா என்று ஒரு பெண் தன் தோழியை அழைக்கின்றாள். புண்ணுக்கு மருந்திடுவதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அச்சம் அவனை அணுகாதபடி வீடே விழித்திருந்தது.

இவை பழங்காலத்துச் செய்திகள். போரிலிருந்து மீண்டவர்களுக்கும் எமது மலைநாட்டிற்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். கடந்த நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக அத்தொடர்பு இருந்து வருகின்றது.

1900ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே, தென்னாபிரிக்கப் போரிற் பிடிபட்ட போயர் வீரர்கள் கப்பலில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். கொழும்பிலிருந்து அட்டன், நானுஓயா வழியாகச் செல்லும் மலைநாட்டு இரயிற் பாதையிலே அவர்களை ஏற்றித் தியத்தலாவையிலே தகரக் கொட்டகைகளில் வைத்தனர். ஏறத்தாழ 5,000 பேர் இத்தீவிலே சிறையிருந்தனர். முள்வேலிக்குள்ளேயே அவர்கள் பள்ளி நடத்தினர், பத்திரிகை வெளியிட்டனர், மரத்திலே கைவேலை செய்தனர். சும்மா இருக்கும் கைகள் மனத்தைத் தின்னும் என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

1914இல் முதலாவது உலக மகாயுத்தம் மூண்டபோது, கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட தோட்டத் துரைமாரின் துப்பாக்கிப் படையிலிருந்து ஒரு பகுதியினர் அக்டோபர் மாதம் எகிப்துக்குக் கப்பலேறினர். அடுத்த ஆண்டு அவர்களிற் பலர் கலிப்போலிப் போர்க்களத்தைக் கண்டனர். அதே 1915இலேதான் சார்ள்ஸ் மையர்ஸ் என்னும் வைத்தியர், உடலிற் காயமின்றியே பார்வையும் நினைவும் தடுமாறிய போர்வீரர்களைப்பற்றி எழுதி, ‘குண்டதிர்ச்சி’ என்ற பொருள்படும் சொல்லை மருத்துவ ஏட்டிலே வழங்கினார். இந்நோயைக் கோழைத்தனம் என்றெண்ணியோர் பலர். களத்தை விட்டு ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காக அப்போரிலே பிரித்தானியப் படையினர் 306 பேரைத் தம் படையினரே சுட்டுக் கொன்றனர். அவர்களுக்கு மன்னிப்புக் கிடைத்தது 2006ஆம் ஆண்டிலேதான்.

இந்நோயைப் புரிந்துகொள்ள முயன்றவர்களுள் இருவர் எமது பிரதேசத்தோடு முன்னரே பழகியவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. றிவர்ஸ் என்பவர் 1901-02இல் நீலகிரியிலே தோதவரிடையே தங்கி ஆராய்ந்தவர். செலிக்மன் என்பவர் 1907-08இல் மனைவியாருடன் இலங்கை வந்து வேடர்களைப்பற்றி ஆராய்ந்தவர். இருவரும் வைத்தியர்கள், மையர்ஸுடன் ஒரே ஆராய்ச்சிக் குழுவிலே 1898இற் பணியாற்றியவர்கள். மகாயுத்த காலத்தில் மூவருமே குண்டதிர்ச்சி நோயாளரைக் கவனித்தனர்.

ஸ்கொத்துலாந்து வைத்தியசாலையொன்றிலே பணிபுரிந்த றிவர்ஸ் 1917 டிசம்பரில் ஒரு விரிவுரை நிகழ்த்தினார். ‘நடந்ததை மறந்துவிடு, நினையாதே’ என்று சுற்றத்தார் கூறும் புத்திமதியே நோயை வளர்க்கின்றது என்பது அவ்விரிவுரையின் சாரம். பகலிலே அடக்கி வைத்த நினைவு இரவிலே கனவாக வந்து உலுக்கும். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் அதனைச் சிறிது சிறிதாகச் சொல்லி, அதனோடு வாழப் பழகுவதே வழி என்றார் அவர். இம்முறை எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. மிகக் கொடிய அனுபவத்துக்கு ஆளான ஓர் அதிகாரியைப் படையிலிருந்து விலகி, முன்னர் தமக்கு ஆறுதலளித்த நாட்டுப்புற வாழ்க்கையை நாடும்படி அனுப்பிவைத்தார்.

இரண்டாவது மகாயுத்தத்தில் அத்தகைய ஆறுதலளிக்கும் இடமாக எமது மலைநாடே விளங்கிற்று. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் மட்டக்களப்புக்கு அப்பாலே ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலை யப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 300க்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்காலத்திலே இந்து சமுத்திரத்திற் போரிட்டுக் களைத்த கடற்படையினர் தியத்தலாவை ஓய்வு முகாமுக்கும், துரைமாரின் பங்களாக்களுக்கும் விடுமுறைக்கு வந்தனர். குளிர்காற்றும், சுடுதேநீரும், குண்டு விழாத இரவும் அவர்களுக்கு மருந்தாயின. அத்தேயிலையைக் கொய்தவர்கள் எம்மவர்கள். ஆனால், போரின் துயரம் எம்மவர் வாசலுக்கு வந்தபோது அத்தகைய ஏற்பாடு எதுவும் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் மலைநாட்டுத் தமிழர் பல்லாயிரவர் வன்னிக்குப் பெயர்ந்தனர். காந்தீயம் இயக்கம் அவர்களைக் குடியமர்த்த உழைத்தது. பின்னர் 1983 முதல் 2009 வரை மூண்ட போர் அவர்களை மறுபடியும் சூழ்ந்தது. இன்றும் எமது தோட்டங்களில், வன்னியிலே உற்றாரை இழந்த குடும்பங்கள் உள்ளன. மற்றொரு பக்கத்திலே, இதே மலைகளின் சிங்களக் கிராமங்களிலிருந்து படைக்குச் சென்று, கையோ காலோ இழந்து, மனம் உடைந்து மீண்ட இளைஞரும் உளர். அத்தகையோரின் நலன் பேண 1999இலே சட்டத்தின் மூலம் ரணவிரு சேவா அதிகாரசபை நிறுவப்பட்டது.

தியத்தலாவைக்கு அணித்தேயுள்ள பண்டாரவளைப் பகுதியில், பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமிலே நடந்ததையும் இச்சரித்திரத்திலிருந்து விலக்க முடியாது. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், அங்கிருந்த தமிழ் இளைஞருள் இருபதுக்கும் மேற்பட்டோர் கும்பலொன்றினாற் கொல்லப்பட்டனர். போயர் கண்ட அதே காற்று, கடற்படையினர் கண்ட அதே குளிர் அங்கும் வீசிற்று. ஆகவே மனப்புண்ணை மலைக்காற்று தனியே ஆற்றிவிடாது. மீண்டு வருபவனை மனிதர் ஏற்றுக்கொள்கின்றனரா என்பதே முதலாவது கேள்வி.

1980இலே அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் இத்தகைய மனவடுவைத் தனியொரு நோயாக ஏற்றுக்கொண்டது. யாழ்ப்பாணத்து மனநோய் வைத்தியர் தயா சோமசுந்தரம் அவர்கள், போர் தனி மனிதரை மாத்திரமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் ஒருங்கே காயப்படுத்துகின்றது என்பதைப் பல ஆண்டுகளாக விளக்கி வந்துள்ளார்.

எமது லயங்களிலே இதன் குறிகளை நாம் வேறு பெயர்களால் அழைக்கின்றோம். இரவிலே அலறி எழுபவனுக்குப் பேய் பிடித்தது என்கின்றோம். எவரோடும் பேசாதிருப்பவனைத் திமிர் பிடித்தவன் என்கின்றோம். நினைவை மறக்கக் கசிப்பை நாடுபவனைக் குடிகாரன் என்று தள்ளிவிடுகின்றோம். அவன் மனைவி விடியுமுன் எழுந்து, கொழுந்துக் கூடையுடன் மலைக்குப் போய், மாலையிலே மீண்டும் அவன் துயரத்தைத் தனியே சுமக்கின்றாள். மெல்லிய சுவருக்கு அப்பாலிருந்து அவ்வழுகையைக் கேட்பவர் பலர். மறுநாள் ‘எப்படி இருக்கிறீர்கள், அக்கா?’ என்று வினவுபவர் சிலரே.

வாலிபர் சங்கங்கள் இங்கே செய்யக்கூடியவை உண்டு. தேர்த் திருவிழாவிலே திடீரென்று வெடி கொளுத்துவது சிலருக்குப் போர்க்களத்தையே திரும்பக் கொணரும். அத்தகையோர் வீட்டருகே அதனைத் தவிர்க்கலாம். முன்னரே சொல்லியும் வைக்கலாம். சிரமதானத்திலும் அன்னதானத்திலும் அவர்களுக்கு ஒரு வேலையும் பொறுப்பும் கொடுக்கலாம். திருநீறும் தாயத்தும் தரும் தைரியத்தை நாம் பழிக்கவில்லை. அதனோடு அரசாங்க வைத்தியசாலை மனநலக் கிளினிக்குக்கு உடன் செல்ல ஒரு துணையும் வேண்டும். 1926 என்னும் இலக்கத்திற்குத் தொலைபேசி எடுத்தால் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி கிடைக்கும். தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளப் பேசுபவரைத் தனியே விடாது உடனே வைத்தியரிடம் சேர்ப்பது எமது கடமை.

வாயிலிலே வேப்பிலை செருகிய அப்பெண் தனியே விழித்திருக்கவில்லை; தோழியையும் அழைத்தாள். எமது தோட்டங்களிலே இன்று அவ்வழைப்பு வாய்விட்டு எழுவதில்லை. எழாத அழைப்பையும் கேட்கும் செவியை எமது வாலிபர்க்கு இறைவன் அருள்வானாக.