கதவுடைப்பும் கணக்குரைப்பும்

அரசன் ஏவலர் ஒருவர்தம் மனைக் கதவை உடைக்குமுன், வந்த காரணத்தை அறிவித்துத் திறக்குமாறு கேட்டல் வேண்டும் என 1604-இல் செமெய்ன் வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் வரையறுத்தது. அவ்வறிவிப்பு வீட்டாருக்கு உரியது. நிகழ்ந்ததனைப் பொதுமக்களுக்குக் கணக்குரைத்தலோ அண்மைக் காலத்தது.

2008 ஜூலையில் அமெரிக்க மேரிலாந்து மாநிலத்துப் பெர்வின் ஹைட்ஸ் நகர மேயர் செய் கால்வோவின் இல்லத்துட் காவற்படையினர் கதவுடைத்துப் புகுந்து, அவர்தம் நாய்கள் இரண்டையும் சுட்டுக் கொன்றனர். அவர் குற்றமற்றவர் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதன் பயனாக 2009-இல் அம்மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. 'சுவாட்' என்னும் சிறப்புப் படையை ஏவிய இடம், காரணம், வலிந்து புகுந்தமை, கைது, காயம் ஆகியவற்றை ஆறு திங்களுக்கு ஒருமுறை அறிக்கையிடல் கடமையாயிற்று. 2009-இன் பிற்பாதியில் மட்டும் அப்படை 804 முறை ஏவப்பட்டமை இதனாற் புலனாயிற்று. அவற்றுட் பெரும்பாலன சோதனை ஆணைகளை நிறைவேற்ற நிகழ்ந்தவை. அரிதின் ஏவற்குரிய படை அன்றாடக் கருவியாயினமைக்கு இவ்வெண்ணே சான்று.

2014-இல் அச்சட்டம் காலாவதியாயிற்று. அவ்வாண்டே யூட்டா மாநிலம் அதனையொத்த சட்டம் கொண்டது. கணக்கின்றேல் விதிவிலக்கு யாது, வழக்கம் யாது எனத் துணிதல் இயலாது. எஞ்சுவன தனியொருவர் துன்பக் கதைகளே. ஆதலின் மேரிலாந்துச் சட்டத்தின் மறைவை வரலாற்றுச் சான்றின் இழப்பாகவே யாம் கொள்கின்றோம்.